அப்பாவின் 'ம்'

சிறுமி பொத்தானுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பாவின் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அவள் விழுங்கிவிட்டாள். அது எப்போது, எப்படி வெளியே வந்தது என்பது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். பொத்தான் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அப்பா தையல்காரர். ஏனோதானோ என்று தைப்பவர் அல்ல. அவர் தைத்த சட்டையில் துணி நைந்து போகும், தையல் பிரியாது. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். நடுவில் ஒரு திரைச்சீலைதான் சுவர்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை செய்யும்போது குண்டூசிகளை உதடுகளுக்கு நடுவில் வரிசையாகக் கவ்விக்கொள்வார். அளவு பார்க்க வந்தவர் கண்ணாடி முன்னால் நிற்பார். அப்பா வாயிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்துத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குத்துவார். துணியில்தான், ஆள்மேல் அல்ல.

வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டு யாரால் பேச முடியும்? அதனால் அப்பா எதற்கும் சொல்லும் பதில் 'ம்' தான்.

அந்த 'ம்'மில் பல வகை இருந்தன. வெடுக்கென்று வெட்டினால் 'சரி'. இழுத்து, கடைசியில் கொஞ்சம் மேலே ஏற்றினால் 'பார்க்கலாம்'. மூக்கு வழியாகப் பெருமூச்சோடு வந்தால் 'முடியாது'. அடுத்தடுத்து இரண்டு வந்தால் 'நாளைக்கு வாருங்கள்'.

அம்மாவுக்கு இது எல்லாம் அத்துப்படி. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே மொழிபெயர்ப்பாள்.

"வெள்ளிக்கிழமை கிடைச்சிடுமா?" என்று வந்தவர் கேட்பார்.

"ம்ம்ம்?" என்பார் அப்பா.

"பார்க்கலாங்கிறார். நீங்க சனிக்கிழமைன்னே வெச்சுக்குங்க," என்பாள் அம்மா.

அதோடு நிறுத்த மாட்டாள். துணியின் உள்பக்கம் சாக்கட்டியால் ஒரே ஓர் எழுத்தைப் போட்டு வைப்பாள். 'ச' என்றால் சரி. 'பா' என்றால் பார்க்கலாம். 'மு' முடியாது. 'நா' நாளைக்கு. மறுநாள் அப்பாவே மறந்து போயிருந்தாலும், துணியைப் புரட்டினால் அவர் சொன்னது என்ன என்று தெரிந்துவிடும்.

"உங்க அப்பா ஒரு எழுத்துல பேசுறார். நானும் ஒரு எழுத்துல எழுதுறேன். ஜாடிக்கேத்த மூடி," என்று சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கடையில் அந்த ஸ்டூல் காலியாகவே இருந்தது. அதன்மேல் யாரும் எதையும் வைக்கவில்லை. அப்பா காலையில் எழுந்ததும் குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டார். ஊசி குத்தும் வேலை இருந்தாலும் வைத்துக்கொண்டார், இல்லாவிட்டாலும் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது மட்டும் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். கை கழுவியதும் திரும்ப வாய்க்குள் போய்விடும்.

வேலையும் முன்பு போல் இல்லை. மாடியில் இருக்கும் பல் டாக்டர் வெள்ளைக் கோட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார். வாங்கிப் போட்டுப் பார்த்தால், ஒரு கை முழுக்கை, இன்னொரு கை அரைக்கை. டாக்டர் கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"முழுக்கையா அரைக்கையான்னு கேட்டேன். 'ம்'ன்னார். ரெண்டுமே வெச்சிட்டார் போல," என்றார். கோபப்படவில்லை. கோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார்.

பொத்தான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் சுட்டது. அப்பாவின் தையலைக் குறை சொல்லும்படி ஒருவர் வந்து நின்றதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே மடித்த சீட்டுகள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. ஒவ்வொண்ணுலயும் நாம தினமும் சொல்ற ஒரு குட்டிச் சொல் இருக்கு. அதுக்கு என்னென்ன அர்த்தம், அது எங்கேயிருந்து வந்திருக்கும், சுருக்கி எப்படி எழுதுறோம். திங்கட்கிழமை எழுதிட்டு வரணும்."

பக்கத்தில் இருந்தவளுக்கு 'ஐயோ' வந்தது. பார்த்ததும் "ஐயோ" என்றாள். பின்னால் இருந்தவனுக்கு 'ஓகே'. "எங்க அண்ணன் போன்ல வெறும் 'கே'ன்னுதான் அனுப்புவான். ஒரே வரியில முடிஞ்சுது," என்று குதித்தான்.

பொத்தானின் சீட்டில் 'ம்' என்று இருந்தது.

"உனக்குத்தான் பாவம். எழுத ஒண்ணுமே இல்ல. அது ஒரு சொல்லே இல்ல," என்றாள் ஐயோக்காரி.

 பொத்தான் சீட்டை மடித்துப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வேறு ஊரில், பெண்கள் விடுதி ஒன்றை நடத்தும் பொறுப்பில் இருக்கிறவள். அத்தையின் குரல் கேட்டால் அங்கே நூறு பெண்களும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள் என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தைக்கு அன்பு உண்டு, ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைய மாட்டாள்.

வீட்டுக்குள் வந்தவள் சமையலறையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பொத்தானின் பின்னலைப் பார்த்தாள். அது ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருந்தது.

"யார் பின்னி விட்டது?"

"நானேதான் அத்தை."

"தெரியுது," என்று சொல்லி, பொத்தானை உட்கார வைத்துப் பின்னலைப் பிரித்தாள். "வீட்டுல உங்க அப்பா உன்கிட்ட பேசுறானா?"

"ம்," என்றாள் பொத்தான்.

"அவனை மாதிரியே நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

சாயங்காலம் அத்தை கடைக்குப் போய் அப்பாவின் எதிரில் நின்றாள். பொத்தான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

"தம்பி, நல்லா கேட்டுக்கோ. ஒரு பொம்பளப் பிள்ளை பேச்சுத் துணை இல்லாம இப்படி வளரக் கூடாது. நாளைக்குச் சாயங்கால ரயிலுக்கு அவளை நான் கூட்டிட்டுப் போறேன். என்கூட இருந்து படிக்கட்டும். உனக்குச் சம்மதம்தானே?"

மெஷின் சத்தம் நின்றது.

"ம்," என்றார் அப்பா.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

பொத்தான் திரைச்சீலையைப் பற்றிக்கொண்டாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டாரா? ஆனால் அது வெடுக்கென்று வெட்டிய 'ம்' இல்லை. இழுத்த 'ம்' இல்லை. பெருமூச்சும் இல்லை, இரட்டையும் இல்லை. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா போட்ட எழுத்துகளில் அதற்கு ஓர் எழுத்து கிடையாது.

அத்தை உள்ளே வந்தாள். "உங்க அப்பா சரின்னுட்டான். பையை எடு, துணியெல்லாம் அடுக்கலாம்."

"அத்தை, அது சரி இல்ல அத்தை."

"எது சரி இல்ல?"

"அப்பா சொன்ன 'ம்'. அது 'சரி' இல்ல."

"பின்னே என்ன?"

பொத்தானுக்குத் தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது? அத்தை பையைத் திறந்து, பாவாடைகளை இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல் அடுக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொத்தான் மாடியேறிப் பல் டாக்டரிடம் போனாள்.

"டாக்டர், அந்தக் கோட்டைக் குடுங்க. அப்பாகிட்டச் சொல்லிச் சரி பண்ணித் தரேன். எங்க கடையில இப்படி ஆனதே இல்ல."

"தெரியும்மா. எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல." டாக்டர் கோட்டைத் தேடினார். "உங்க அப்பாவும் நானும் ஒரே கட்டடத்துல தொழில் பண்றோம். என்கிட்ட வர்றவங்க எல்லாரும் 'ஆ'. உங்க அப்பாகிட்டப் போனா 'ம்'. முழுசா ஒரு பேச்சுக் கேட்டு நாளாச்சு."

பொத்தான் சிரித்துவிட்டாள். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தது.

"டாக்டர், 'ம்' எங்கேயிருந்து வந்தது? பள்ளிக்கூடத்துல எழுதச் சொல்லியிருக்காங்க."

"யார் முதல்ல சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எந்த வழியா வருதுன்னு காட்டுறேன். உதட்டை மூடு. நல்லா மூடு. இப்ப 'வா'ன்னு சொல்லு."

பொத்தான் முயன்றாள். "ம்."

"போன்னு சொல்லு."

"ம்."

"என் பேரைச் சொல்லு."

"ம்ம்."

"அவ்வளவுதான். வாயை மூடிட்டா வர்ற வழி மூக்கு ஒண்ணுதான். உள்ளே என்ன நினைச்சாலும் வெளியே 'ம்'தான் வரும். வேற ஏதாவது வரணும்னா, கதவைத் திறக்கணும்." டாக்டர் கோட்டைச் சுருட்டிக் கொடுத்தார். "மூக்கையும் பிடிச்சுக்கிட்டா அதுவும் வராது. செஞ்சு பாக்காதே, முழி பிதுங்கிடும்."

படி இறங்கும்போது பொத்தான் ஒவ்வொரு படியிலும் வாயை மூடிக்கொண்டு ஏதாவது சொல்லிப் பார்த்தாள். 'போக மாட்டேன்' என்று சொன்னாள். 'அம்மா' என்று சொன்னாள். எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது.

கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

கடையில் அப்பா ஒரு காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகள் மின்னின. பொத்தான் கோட்டை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, மழை வருதா?"

வெளியே கண் கூசும் வெயில்.

"ம்," என்றார் அப்பா. அதே சொட்டு.

"அப்பா, நான் இன்னிக்குச் சாப்பிட்டேனா?"

"ம்."

 சுவரில் மாட்டியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். அது துணி வெட்டும் கத்தரிக்கோல். அதால் காகிதத்தைத் தொட்டால் முனை மழுங்கிவிடும் என்று அப்பா யாரையும் அண்ட விட மாட்டார். ஒரு தடவை அம்மா அவசரத்துக்கு ஒரு பால் கவரை வெட்டியதற்கு, அப்பா வாயிலிருந்த ஊசிகளை எல்லாம் மறந்து கத்தியதில், அவை கடை முழுக்கச் சிதறிவிட்டன. பொறுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

"அப்பா, இதால காகிதம் வெட்டிக்கட்டுமா?"

"ம்."

பொத்தான் கத்தரிக்கோலை மெதுவாகத் திரும்ப மாட்டினாள். அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. அப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. எதுவும் அவர் காதில் விழவே இல்லை.

உள்ளே ஓடினாள். "அத்தை, கொஞ்சம் வாங்க. அப்பாகிட்ட ஏதாவது கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"எது வேணும்னாலும். அவர் கண்டிப்பா மாட்டேன்னு சொல்ற மாதிரி ஒண்ணு."

அத்தை இதற்கெல்லாம் வளைந்து கொடுக்கிறவள் அல்ல. ஆனால் பொத்தானின் முகத்தைப் பார்த்ததும் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். கடைக்கு வந்து அப்பாவின் எதிரில் விறைப்பாக நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி, நான் வேலையை விட்டுட்டேன். சர்க்கஸ்ல சேரப் போறேன். கயித்து மேல நடக்குறதுக்கு."

"ம்," என்றார் அப்பா.

பொத்தானுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தை சிரிக்கவில்லை. 

"நேத்தும் இதைத்தான் சொன்னானா?" என்று அத்தை கேட்டாள். குரல் தணிந்திருந்தது.

"ஆமாம் அத்தை. ஒரு மாசமா இதேதான்."

பொத்தான் மெஷினைச் சுற்றிப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். மெஷின் சக்கரத்தின் மேல் கை வைத்து நிறுத்தினாள். மறு கையை விரித்து அப்பாவின் மோவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"அப்பா, ஊசியெல்லாம் இதுல போடுங்க."

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். அது யாருடைய கை என்று யோசிப்பவர் போலப் பார்த்தார்.

"போடுங்கப்பா. கை வலிக்குது."

ஓர் ஊசி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஈரமாக, சூடாக, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழுந்தன. கடைசி ஊசி விழுந்ததும் பார்த்தால், அப்பாவின் உதட்டில் வரிசையாகத் தழும்புகள் இருந்தன.

"அப்பா, நான் போகட்டுமா, வேணாமா?"

அப்பா வாயைத் திறந்தார். முதலில் காற்றுத்தான் வந்தது.

"எங்கே?" என்றார்.

அவ்வளவு நாள் கழித்து அவர் பேசிய முதல் சொல் அது.

"அத்தை ஊருக்கு. இன்னிக்கு ரயிலுக்கு. நீங்க சரின்னு சொன்னீங்களாம்."

"நானா?" அப்பா திரும்பினார். "அக்கா, நான் எப்ப சொன்னேன்?"

"நேத்து கேட்டேன்டா. 'ம்'ன்னே."

"எனக்குக் கேக்கவே இல்லக்கா." அப்பாவின் குரல் எண்ணெய் போடாத மெஷின் போலக் கரகரத்தது. "யாராவது ஏதாவது கேட்டா, 'ம்'ன்னு சொன்னாப் போதும், மிச்சத்தை அவ சொல்லிடுவா. இத்தனை வருஷமா அப்படித்தானே. இப்பவும் 'ம்'ன்னுட்டு, அவ என்ன சொல்றான்னு கேக்குறதுக்காக உக்காந்திருக்கேன்."



"போக வேணாம்," என்றார் அப்பா, பொத்தானைப் பார்த்து. "நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்புறம் ஏன்ப்பா ஊசியை எடுக்கவே இல்ல? வேலை இல்லாதப்பகூட?"

அப்பா உள்ளங்கையால் உதட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"எடுத்தா அழுதுடுவேனோன்னு இருந்துச்சு. நாலு பேர் வந்து போற கடை. நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அடுத்தவங்க முன்னாடி அழுததில்ல."

அத்தை நின்ற இடத்திலிருந்து நகர்ந்தாள். அவர்களைத் தாண்டிப் போய், பட்டப்பகலில் கடையின் ஷட்டரைப் பிடித்து ஒரே இழுப்பாகத் தரைவரைக்கும் இழுத்துவிட்டாள். கடை இருட்டாகியது.

"இப்ப ஒருத்தரும் இல்ல. அழுடா தம்பி," என்றாள்.

அப்பா அழுதார். பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று பொத்தானுக்குத் தெரியாது. ஊசிகளைத் தையல் பெட்டிக்குள் கொட்டிவிட்டு, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அத்தை ஷட்டருக்குப் பக்கத்திலேயே, காவலுக்கு நிற்பவள் போல, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"கடையில ஆள் இல்லையா? நான்தான், மாடி டாக்டர். கோட்டுக்கு அளவு குடுக்கலாம்னு வந்தேன்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"வீட்டுல துக்கம். அப்புறம் வாங்க."

வெளியே குரல் குழம்பியது. "அது போன மாசம் இல்லீங்களா?"

"இல்ல," என்றாள் அத்தை. "இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."

டாக்டர் உடனே போகவில்லை. ஷட்டரின் அடி இடுக்கில் அவருடைய செருப்பின் நிழல் தெரிந்தது.

"கோட்டுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார் மெதுவாக. பிறகு அவர் படியேறும் சத்தம் கேட்டது.

அத்தை உள்ளே போய்ப் பையைத் திறந்தாள். பொத்தானின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல், திரும்ப அலமாரியில் வைத்தாள்.